வேதாசலத்தின் வயிறு

காலையில் பல் விளக்குமுன் நாக்கை நீட்டி மனைவியிடம் காட்டுகிறார் வேதாசலம். "வெள்ளையாக்கீதா, மஞ்சளாக்கீதா? நல்லாப் பாத்துச் சொல்லு." அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் கெங்கம்மாள் திரும்புவதே இல்லை. "ஆங், நேத்து இருந்தாப்பலதான் கீது" என்கிறாள். அதை நம்பாமல் வாசலுக்கு வந்து, அடுத்த வீட்டுக்காரனான என்னிடமும் நீட்டுகிறார். திருத்தணியில் நான் வாத்தியார் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மலைக்கோயில் கோபுரத்துக்கு முன்னால் தினமும் எனக்குக் கிடைக்கிற தரிசனம் இந்த நாக்குத்தான்.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. கைத்தறி நெசவு. சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கும், வயிறு உப்பும், நாலு நாளைக்கு ஒரு நாள் சுருட்டிப் பிடிக்கும். இந்தத் தெருவில் தறி நெய்கிற எல்லாருக்கும் இதே தொல்லை. மற்றவர்கள் யார் எதைச் சொன்னாலும் வாங்கி விழுங்குவார்கள். வேதாசலம் பரீட்சை பார்ப்பார். ஒரு மருந்துக்கு ஒரு வாரம். அந்த வாரம் வேறு மருந்தைத் தொடமாட்டார். குணம் தெரிந்தால் சுவரில் கரியால் ஒரு கோடு, இல்லாவிட்டால் பெருக்கல் குறி. சுக்கு, ஓமம், கடுக்காய், வேப்பம்பூ, மாதுளை ஓடு என்று சுவர் முழுக்கப் பெருக்கல் குறிகள்தான்.

"பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அவங்க வயித்துக்கு அவங்க சொன்னாங்க. என் வயிறு இன்னா சொல்லுதுன்னு பாக்க வாணாமா வாத்தியாரே?"

இதே தெருவில் நெய்கிற கெங்கம்மாளின் தம்பி வேணுவுக்கு மணவூரில் கல்யாணம் நடந்தது கடுக்காய் வாரத்தில். விருந்தில் எல்லாவற்றையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மோர்ச்சோற்றில் மடியிலிருந்த பொடியைத் தூவிப் பிசைந்தார் மனுஷர். எங்கள் சமையலில் என்ன விஷமா இருக்கிறது என்று பெண் வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

இந்த மாசியில் பிரண்டையின் முறை. வேலியில் படர்ந்ததை ஒடித்து, நார் உரித்து, கை அரிக்க அரிக்க நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி அரைத்துத் தின்றார். மூன்றாம் நாள் உப்பல் வடிந்தது. ஏழாம் நாள் சுவரில் ஒரு கோடு விழுந்தது. பிறகு தெருவே பிரண்டை தின்றது, தெருவுக்கே குணமானது. ஆர்.கே.பேட்டையிலிருந்தெல்லாம் நெசவாளிகள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கிறுக்கன் என்றவர்கள் "வைத்தியரே" என்றார்கள். மனுஷருக்கு நடையே மாறிப்போயிற்று. எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் சந்தோஷமாகவும் இருந்தது. கெங்கம்மாள்கூட அடுப்பை விட்டுத் திரும்பி நாக்கைப் பார்த்தாள்.

பங்குனிக் கடைசியில் நூல் வந்தது. யுத்தம் முடிந்தும் நூலுக்குச் சர்க்கார் போட்ட கண்ட்ரோல் போகவில்லை. இரண்டு மாதமாக நூல் இல்லாமல் தெருவில் ஒரு தறி ஓடவில்லை. வந்த நூலை எல்லாரும் விழுந்தடித்து நெய்தார்கள். பத்தாம் நாள் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"இன்னா பாவா, உம் பெரண்டை பல்ல இளிச்சிடுச்சே!" என்று வேணு வாசலில் நின்று அக்காள் புருஷனைப் பார்த்துக் கத்தினான்.

பத்தியம் தப்பிவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பேர் நிலைத்திருக்கும். வேதாசலம் மறுபடி பரீட்சையில் இறங்கினார். பிரண்டை தின்றுகொண்டே ஒரு வாரம் நெய்தார். வலித்தது. அடுத்த வாரம் பிரண்டையையும் விட்டார், தறியையும் விட்டார். நூல் கொடுத்த முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினார். வலி மட்டும் வரவில்லை.

எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுத் தறிக்குழியில் உட்காரச் சொன்னார். நெய்த துணியைச் சுற்றுகிற மரம் என் வயிற்றுக்கு எதிரே இருந்தது.

"இன்னும் முன்னால சாஞ்சி குந்துங்க. ஆங், இப்ப நூல ஓட்டுற நாடாக் கயித்த எட்டி இழுக்கிற மாதிரி கைய நீட்டுங்க."

நீட்டினேன். மரம் அடிவயிற்றில் அழுந்தியது.

"காலைலேந்து பொழுது சாயிற வரைக்கும் இப்டியே. பெரண்டை ஒண்ணும் கொணமாக்கலங்க. மாசியில நூலு இல்லாம சும்மா கெடந்தோம், வயிறும் சும்மா கெடந்துச்சி."

இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்களேன் என்று சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்தேன்.

அன்று சாயங்காலமே தெருவைக் கூட்டிச் சொல்லிவிட்டார். யாரும் மெச்சவில்லை. "அப்ப தறிய வுட்டுட்டு இன்னாத்தத் துன்றது? அதுக்கும் மருந்து வெச்சிருக்கியா பாவா?" என்றான் வேணு. கூட்டம் சிரித்தது. வைத்தியரே என்று அப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை.

வேதாசலம் உள்ளே போனார். ஒரு வாரமாகத் தொடாத புடவை தறியில் பாதியில் நின்றது. குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார். உள்ளங்கையால் அடிவயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டார். பிறகு மரத்தின்மேல் சாய்ந்து, நாடாக் கயிற்றை இழுத்தார்.