சேர்ந்து குழம்பிய செல்வராணி டீச்சர்

அந்தச் செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகப் போன் போட்டு வாங்கிக்கொண்டேன். பிளஸ் டூ முடித்த என் இளைய மகள் சுபாவுக்கு எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதைக் கடைசியில் தள்ளுவது என்று வீட்டில் ஒரே குழப்பம். பொறியியல் ஒரு பக்கம், வேளாண்மை ஒரு பக்கம். மறுநாள் மாலைக்குள் கவுன்சிலிங்குக்கு விருப்ப வரிசையை முடித்தாக வேண்டும். செல்வராணி டீச்சரைக் கேட்டுவிடலாம் என்று அழைத்தால், எடுத்தது அவருடைய தம்பி.

"அக்கா காலையில நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தா சார். அப்படியே போயிட்டா," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "சரி, அப்புறமாக் கூப்பிடுதேன்னு சொல்லுங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் 'போயிட்டா' என்றால் டீச்சர் இறந்துவிட்டார் என்று உறைத்தது.

எங்கள் பள்ளியில் அவர் விலங்கியல், நான் வணிகவியல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டும் பொறுப்பு பல வருடம் எங்கள் இருவர் தலையில்தான். இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தப் பெற்றோர் கூட்டங்கள் நினைவிருக்கும். பேச வரும் விருந்தினர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். கீழப்பாவூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் சான்றிதழ்ப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்கள். கடைசியில் டீச்சர் எழுந்து, "எனக்கே குழப்பமாத்தான் இருக்கு. வாங்க, சேர்ந்து குழம்புவோம்," என்பார். அப்போதுதான் ஜனங்கள் வாயைத் திறப்பார்கள். தலைமையாசிரியருக்கு இது அறவே பிடிக்காது. வழிகாட்ட வந்தவரே இப்படிச் சொன்னால் எப்படி என்று எனக்கும் இருந்தது.

என் மூத்தவள் கோமதி பிளஸ் டூ முடித்த வருடம், எதைக் கேட்டாலும் "சரிப்பா" என்பாள். கம்ப்யூட்டரா? சரிப்பா. சிவிலா? சரிப்பா. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? டீச்சரிடம் புலம்பினேன்.

"நீங்க பக்கத்துல நின்னா அவ உங்க பதிலைத்தான் சொல்லுவா சார். சாரல் நல்லா விழுது, ஐந்தருவிக்குக் கூட்டிட்டு வாங்க," என்றார்.

குற்றாலம் ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் நான் குளிக்கப் போனேன், பெண்கள் பக்கம் டீச்சரும் கோமதியும் போனார்கள். திரும்பி வந்த கோமதி, பல் கிடுகிடுக்க, "அப்பா, நான் மீன்வளம் படிக்கேன்," என்றாள். வீட்டில் கருவாடு வறுத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிற பிள்ளை!

"என்னத்த டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"அருவிச் சத்தத்துல என்னத்தச் சொல்ல முடியும்? எனக்குக் கேக்கல, கத்திச் சொல்லுட்டின்னேன். கத்தினா. அம்புட்டுதான்," என்று முடியைப் பிழிந்தார்.

கோமதி அதையே படித்து, இப்போது தூத்துக்குடியில் நல்ல வேலையில் இருக்கிறாள். கருவாட்டு வாசம் இன்றைக்கும் அவளுக்கு ஆகாது. எனக்கு இன்றைக்கும் இது புரியவில்லை. டீச்சரிடம் ஒருநாள் சாவகாசமாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

டீச்சர் இறந்த அன்று சாயங்காலமே உடலை எடுத்துவிட்டார்கள். கோமதி அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். சாவு நடந்த துட்டி வீட்டுக்குப் போனால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. டீச்சர் வீடு இருக்கும் இலஞ்சியிலிருந்து அருவி பக்கம்தான். "அங்கன போய்க் குளிச்சிருவோம்ப்பா," என்று தங்கையையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நான் ஆண்கள் பக்கம் தலையைக் கொடுத்து நின்றேன். டீச்சரை நினைத்து அழுதேன். சத்தமாகவே அழுதேன். பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

வெளியே வந்தபோது இருவரும் துண்டைப் போர்த்தியபடி நின்றார்கள். கோமதி தங்கையை முன்னால் தள்ளினாள். "உள்ள கத்துனத அப்பாட்ட சொல்லுட்டி."

சுபா என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு கத்தினேன்ப்பா."

எந்தப் படிப்பின் பெயரைச் சொன்னாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை. பொழுது விடிந்தால் கடைசி நாள். கேட்பதற்கு டீச்சரும் இல்லை. அதட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கும் தெரியலட்டி. வா, சேர்ந்து குழம்புவோம்," என்றேன்.

டீச்சரிடமிருந்து எனக்கென்று தங்கியிருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான். அதைக் கேட்டதும், ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போதே, சுபா பேச ஆரம்பித்தாள்.