நீலச் சட்டைக்காரர் சபர் போன விளையாட்டு

நாற்பது வயதைத் தொட்ட பன்னிரண்டு ஆம்பிளைகள் ஒரு வீடியோ கேமுக்காக மூன்று நாள் அடித்துக்கொண்டோம் என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சண்டையை வளர்த்தவன் நான்.

எங்களில் ஒருவன் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். நிலக்கரி லாரிகள் நகராமல் நின்ற ஒரு மத்தியானம் அவனுக்குப் பொழுது போகவில்லை. பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு ஒன்றை வைத்துவிட்டான். தொண்ணூற்றெட்டில் வந்த கேம்களில் எது பெஸ்ட்? அப்படி ஒரு வருஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று கேம் ஆடுகிறவர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்களாம். இருக்கலாம். பதின்மூன்று வயதில் எந்த வருஷம் கையில் கிடைத்தாலும் அது பொற்காலம்தான். எனக்கு மட்டும் அப்படியில்லை. அந்த ஆடியில்தான் என் அப்பா செத்துப்போனார்.

அவன் கொடுத்த பட்டியலில் நான்கு கேம்கள் இருந்தன. கத்தி ஒன்று, துப்பாக்கி ஒன்று, கார் ஒன்று, குத்துச்சண்டை ஒன்று. நான் ஆடியது அதில் இல்லை. அதன் பெயர்கூட எனக்குத் தெரியாது, எல்லாமே ஜப்பான் எழுத்து. துறைமுகக்காரனுக்குப் போன் போட்டு, திட்டி, ஓட்டெடுப்பை அழிக்கவைத்து, ஐந்தாவதாக ‘ஜப்பான் கேம்’ என்று சேர்த்துத் திரும்பப் போடவைத்தேன். முதல் ஓட்டும் என்னுடையதுதான்.

எனக்கு வேண்டியிருந்தது இன்னும் ஒரே ஒரு ஓட்டு. அந்தக் கேமை ஆடியவர்கள் காரைக்காலிலேயே இரண்டு பேர்தான். ஒருவன் நான். மற்றவன் என் சிநேகிதன், அவன் வீட்டில்தான் ஆடினோம். அவன் சாயங்காலம் குழுவுக்குள் வந்தான், குத்துச்சண்டைக்கு ஓட்டைக் குத்தினான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. “அந்த ஜப்பான் கேமா? மனுசன் ஆடுவானா அத? கொட்டாவிதான் வரும்” என்று எழுதியும் வைத்தான். பத்துப் பேர் அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு வந்தது கோபமில்லை, பயம். அப்பா போன பிறகு நான் மூச்சுவிட்ட இடம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கேம்தான். அதைப் பார்த்த ஒரே சாட்சி அது ஒன்றுமேயில்லை என்றால், அந்த ஆறு மாதம் எனக்கு எங்கே போயிற்று?

அப்பா அரசாங்க ஊழியர். அவர் போனதும் அம்மாவுக்குக் கருணை அடிப்படையில் காரைக்கால் டவுனில் ஓர் ஆபீஸில் வேலை கொடுத்தார்கள். எங்கள் வீடு நெடுங்காட்டில். பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும், அம்மா ஆறு மணிக்கு வருவாள், அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் பஸ் ஏறுவோம். நடுவிலிருந்த இரண்டு மணி நேரத்துக்கு எனக்குப் போக்கிடம் இல்லை. சிநேகிதன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் அம்மாவை அவன் உம்மா என்று கூப்பிட்டான், நானும் உம்மா என்றே கூப்பிட்டேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவேயில்லை. இறால் வாடாவும் டீயும் இரண்டு தட்டில் வந்தன.

அந்த அறையை இப்போது நினைத்தாலும் எனக்கு நடை மெதுவாகிவிடும். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்து தெரு அடங்கியிருக்கும். ஜன்னலில் பச்சைத் துணி. வெயில் அதற்குள் புகுந்து வந்து, தரையெல்லாம் குளத்துத் தண்ணீர் நிறத்தில் கிடக்கும். நாங்கள் அதில் கால் நீட்டி உட்கார்ந்திருப்போம். அந்த ஐப்பசியில், அவன் நானா என்று கூப்பிடும் அண்ணன் துபாயிலிருந்து வந்துவிட்டுப் போகும்போது வைத்துவிட்டுப்போன சாம்பல் நிறப் பெட்டி, டிவிக்குக் கீழே லேசாக உறுமிக்கொண்டிருக்கும். திரையில் முதலில் பனிமூட்டம்தான் வரும். பனி விலகவிலக ஒரு பாதை. பாதையில் நீலச் சட்டை போட்ட ஒருவர் முன்னால் நடப்பார், மூட்டை தூக்கிய பையன் ஒருவன் பின்னால் போவான். அந்தப் பையன்தான் நாங்கள்.

அந்தக் காலத்துக் கேமில் முகம் ஏது? நாலு சதுரம், கண்ணுக்கு இரண்டு கோடு, அவ்வளவுதான். யார் முகத்தை வேண்டுமானாலும் அதில் வைத்துக்கொள்ளலாம். நான் யார் முகத்தை வைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன் நின்றால் நீலச் சட்டைக்காரரும் நிற்பார். திரும்பிப் பார்ப்பார். பையன் வந்து சேரும்வரை அசையமாட்டார். நான் சும்மா சும்மா நின்றேன், அவர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. சிநேகிதன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பாதை ஒரு மீன்பிடி ஊரில் போய் முடியும். அங்கே நீலச் சட்டைக்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று குனிவார். வீட்டிலிருப்பவர்களும் குனிவார்கள். பிறகு அடுத்த வீடு. கடைசியில் துறைக்கு வந்து ஒரு படகில் ஏறுவார். பனி வந்து மூடும். திரை முழுக்க வெள்ளையாகி, நாலைந்து வரி ஜப்பான் எழுத்து வந்து போகும். பார்த்தால் பையன் மட்டும் துறையில் தனியாக நிற்பான்.

முதல் நாள் அதைப் பார்த்ததும், “செத்துட்டாராடா?” என்று கேட்டேன்.

“சேச்சே. நீ பாக்கலியா? வூடு வூடாப் போயி பயணம் சொல்லிட்டுல்ல போறாரு. சபர் போறாருடா. எங்க வாப்பாவும் இப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க” என்றான் அவன்.

சபர் என்றால் அந்தத் தெருவில் சம்பாதிக்கக் கடல் கடந்து போவது. துபாய், குவைத், சிங்கப்பூர். ஒரு வீட்டில் ஆம்பிளை இல்லை என்றால் அங்கே யாரும் துக்கம் விசாரிக்க மாட்டார்கள், எப்போது வருகிறார் என்றுதான் கேட்பார்கள். கிளம்புகிறவர் முந்தின நாள் சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிப் பயணம் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டு போனவர் இரண்டு வருஷத்தில் பெட்டியோடு வந்து நிற்பார். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் நான் நம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் அப்பா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வயலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போனவர் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இவர் அப்படியில்லை, முறையாகச் சொல்லிவிட்டுப் போகிறார். வருவார்.

அன்றைக்கு அந்த இடத்தோடு நிறுத்தி, மெமரி கார்டில் பதிந்துவைத்துவிட்டுப் போனோம். கார்டு இருந்தால் விட்ட இடத்திலிருந்து அடுத்த நாள் தொடரலாம். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை போனால் சிநேகிதன், “கார்டு கெட்டுப்போச்சுடா, இனிமே தெனம் மொதல்லேருந்துதான்” என்றான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. தினமும் நாலரை மணிக்கு நீலச் சட்டைக்காரர் மறுபடியும் பனிக்குள்ளிருந்து வந்து முன்னால் நடந்தார். ஐந்தரைக்குப் பயணம் சொன்னார். ஆறு மணிவரை நாங்கள் துறையில் நின்று கப்பலுக்குக் காத்திருந்தோம்.

துறையில் ஒரு மீன்காரி, வலை காய வைக்கும் இரண்டு பேர், ஒரு நாய். நாயைத் தவிர மற்றவர்கள் பேசுவார்கள். ஜப்பான் எழுத்தைச் சிநேகிதன் எனக்குப் படித்துக் காட்டுவான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டேன். “காத்து சரியில்லையாம், கப்பல் நாளைக்கித்தானாம்.” “அவரு அங்கன நல்லா இருக்காராம், லெட்டர் போட்டிருக்காராம்.” துறைக்குப் பின்னால் வடக்கே ஒரு பாதை போயிற்று. அந்தப் பக்கம் போகலாமா என்று ஒருதரம் கேட்டேன். “நாம அந்தப் பக்கம் போயி, கப்பல் இந்தப் பக்கம் வந்துட்டா? யாரு கூட்டியாருவா அவர?” என்றான். நியாயமாகத்தான் பட்டது. பங்குனியில் அம்மாவுக்கு நெடுங்காட்டுக்கே மாற்றல் வந்தது. நான் நாலு மணிக்கே பஸ் ஏற ஆரம்பித்தேன், அத்தோடு கேம் நின்றது.

இந்த மனுஷன்தான் இப்போது கொட்டாவி வரும் என்கிறான். மூன்று நாள் குழுவில் அவனோடு மல்லுக்கு நின்றுவிட்டு, நான்காம் நாள் ஆபீஸ் விட்டதும் வண்டியை நேரே அவன் கடைக்கு விட்டேன். பதினைந்து வருஷம் சபரில் இருந்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

“வாங்க சார், உக்காருங்க. ஓட்டு கேட்டா வந்திருக்கீங்க?” என்று நக்கலடித்தான்.

“ஒரு ஓட்டு போட்டா கொறைஞ்சா போயிடுவ?”

“எதுக்குடா போடணும்? ஆறு மாசம் ஒரே துறையில நின்னுருக்கேன். அஞ்சு நிமிசத்துல தாண்டிப் போற எடம் அது. கண்ண மூடுனா அந்த நாயிதான் வருது.”

“கப்பல் வரும்னு சொன்னது நீதானடா?”

அவன் கையிலிருந்த திருப்புளியை வைத்தான். பிறகு, “அந்தக் கேமுல கப்பலே கெடையாது மாப்ள” என்றான்.

முதல் நாள் அவன் சொன்னது பொய்யில்லை. சபர் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் தனியாக உட்கார்ந்து, வடக்குப் பாதையில் போய்ப் பார்த்திருக்கிறான். வளைவு தாண்டினால் கடற்கரை. நீலச் சட்டைக்காரர் செத்துக் கரையொதுங்கி மணலில் கிடக்கிறார். ஊர்க்காரர்கள் குழி வெட்டி வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகக் குனிந்தது திரும்பி வரமாட்டோம் என்று தெரிந்து சொன்ன விடை.

“மண்ணு போடுறது அந்தப் பையன்டா. நாமதான் பட்டன அமுக்கணும். மூணு தடவ. அமுக்கலன்னா கேம் நவுராது” என்றான். “மூணு மாசத்துக்கு முந்திதான் நீ உங்கப்பாவுக்குக் கொள்ளி வச்சிருந்த. நானும்தான வந்திருந்தேன். உன் கையில குடுத்து எப்படிடா அமுக்கச் சொல்றது?”

கார்டு கெடவேயில்லை. அதை உம்மாவின் அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் நான் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வடக்கே போயிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் தினமும் முதலிலிருந்து ஆரம்பித்தான், தினமும் துறையில் நின்றான், தினமும் எனக்குக் கடிதம் படித்தான். பதின்மூன்று வயதுப் பையன். சொல்லியிருந்தாலும் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

நான் அழுதுவிட்டேன். கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்த ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். “ஒண்ணுமில்லம்மா, போன் தொலைஞ்சுபோச்சு அவருக்கு” என்று சிநேகிதன் அவளைச் சமாளித்தான். அந்த நேரத்திலும் பொய் சொல்ல அவனுக்கு நன்றாகவே வந்தது.

அவள் போன பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். “அந்தக் குத்துச்சண்ட கேம எப்படா ஆடுன? நான் பாத்ததே இல்லையே.”

“எங்க நானா துபாயிலேருந்து கொண்டாந்தது அது. ஜப்பான் கேமோட சேத்து, ஒரே பையில. ரெண்டு பேரு ஆடுனாத்தான் அது கேமு. ஒருத்தன் அடிபட்டுக் கீழ வுழுந்து கெடப்பான் அதுல, உன் முன்னாடி எப்படிப் போடுறது? நீ போன பொறவு போட்டுப் பாப்பேன். பெட்டியோடவே எவ்வளவு நேரம் அடிச்சுக்கிறது? பத்து நிமிசத்துல அமத்திடுவேன்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். “அந்தக் கேமு டப்பா மேல ரெண்டு பேரு சேந்து ஆடுற படம் போட்டிருக்கும். அதத்தான் பாத்துட்டே இருப்பேன். அந்த வருசத்துல எனக்கு அதுதான்டா பெஸ்ட்.”

நான் போனை எடுத்து என் ஓட்டை மாற்றினேன். ஜப்பான் கேமுக்கு ஒரு ஓட்டும் இல்லாமல் போயிற்று. குத்துச்சண்டை ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. மூன்று நாளாகக் கத்தியவன் கட்சி மாறிவிட்டான் என்று குழுவில் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். கிழிக்கட்டும். நான் ஒருநாள்கூட ஆடாத விளையாட்டு அது. அந்த வருஷத்தில் வந்ததிலேயே அதுதான் சிறந்தது, யார் கேட்டாலும் சண்டைக்கு நிற்பேன்.