தண்ணீரைத் திருப்பிக் கேட்டேன்

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவை என்னால் செய்ய முடியாமல் போன காலம் ஒன்று உண்டு. இதை வெளியே சொல்லாதே என்று பலர் சொன்னார்கள். சொல்லத்தான் போகிறேன். இறைவன் எனக்குச் செய்த உதவியை மூடி வைக்க எனக்கு உரிமை இல்லை.

என் பெயர் ஜுலைகா. மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். எங்கள் ஜமாஅத்தில் பெண் யாராவது மௌத்தானால், உயிர் போன அந்த மய்யித்தை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் மாமியாரோடு போய்ப் பழகிய வேலை. நான் பயந்ததே இல்லை. கடைசி மரியாதை செய்ய என் கைகளுக்கு வாய்த்ததே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பிறகு அந்தப் புயல் வந்தது. மழை விடவே இல்லை. கழுவெளி ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் சேர்ந்து உப்பளங்களை மூடிவிட்டன. பாத்தி எது, ரோடு எது என்று தெரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த ரஹ்மத்தையும் அவளுடைய சின்ன மகளையும், மேட்டுத் தெருவுக்குப் போகும் வழியில் வெள்ளம் இழுத்துக்கொண்டது. மறுநாள்தான் கிடைத்தார்கள். என் கணவரின் அண்ணன் அன்வர் மச்சானும் இன்னும் சிலரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தார்கள்.

இரண்டு பேரையும் நான்தான் குளிப்பாட்டினேன். தலைமுடிக்குள் உப்பளச் சேறு. எவ்வளவு ஊற்றினாலும் வந்துகொண்டே இருந்தது. விரல்களால் கோதிக் கோதிக் கழுவினேன். வெள்ளைக் கபன் துணி சுற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். சோறு சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தேன்.

சில நாள் கழித்து மதிய லுஹர் தொழுகைக்கு ஒளு செய்யக் குழாயைத் திறந்தேன். மணிக்கட்டில் தண்ணீர் பட்டதும் விரல்களுக்கு நடுவில் அந்த முடி. கண்ணால் பார்த்தால் ஒன்றும் இல்லை. கைக்கு மட்டும் தெரிகிறது. குழாயை மூடிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அடுத்த வேளையும் அப்படித்தான். அதற்கடுத்த வேளையும் அப்படித்தான். பாத்திரத்தை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு கழுவினேன். ஒளுவுக்கு எந்த உறையை மாட்டுவது? தொழுகை நின்றுபோனது. சின்ன வயதிலிருந்து விடாமல் தொழுதவள் நான்.

விஷயம் மெல்ல வெளியே தெரிந்தது. இறைவன் மேல் வைத்த ஈமான் குறைந்துவிட்டது என்றார்கள். ஷைத்தான் மனதில் ஊதும் வஸ்வாஸ் என்றார்கள். தாயத்துக் கட்டச் சொன்னார்கள். அன்வர் மச்சான் ஜமாஅத்துப் பொறுப்பில் இருப்பவர். அவர் வீட்டுக்கே வந்தார்.

"யார்கிட்டயும் பேசாத ஜுலைகா. மய்யித்து குளிப்பாட்டுறவளுக்கே பயம் வந்துட்டுதுன்னு சிரிப்பாங்க."

"சிரிக்கிறவங்க வந்து குளிப்பாட்டட்டும் மச்சான்," என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

துஆ கேட்க ஒளு கட்டாயமில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. பிற்பகலில் அஸர் பாங்கு முடிந்ததும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, வறண்ட கைகளை ஏந்தினேன். "யா அல்லாஹ், உன் அடியாளைக் கழுவி உங்கிட்டதான் அனுப்பி வெச்சேன். என் தண்ணிய எனக்குத் திருப்பிக் குடு. உன்னைத் தொழணும். குடுக்கிற வரைக்கும் கேப்பேன்." கண்ணீரெல்லாம் வரவில்லை. கோபமாகத்தான் கேட்டேன். மனிதர்களிடம் காட்ட முடியாத கோபத்தை என்னைப் படைத்தவனிடம் கொண்டுபோகாமல் வேறு எங்கே கொண்டுபோவது? தினமும் கேட்டேன். பல வாரம் கேட்டேன்.

பதில் பள்ளிவாசல் மைக்கில் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஓர் அறிவிப்பு. புயலில் மீட்பு வேலை செய்தவர்களுக்கும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் மனநலப் பயிற்சி நடக்கப்போகிறதாம். புயல் பாதுகாப்புக் கூடத்திலாம். மய்யித்துகளைத் தூக்கியவர்கள் அவசியம் வரவேண்டுமாம். நான் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்.

ஜமாஅத்தில் ஆண்களின் பெயரை மட்டும் கொடுத்திருந்தார்கள். அதில் அன்வர் மச்சான் பெயரும் உண்டு. நேராக அவர் கடைக்குப் போனேன்.

"தூக்கினவங்களுக்குன்னு சொன்னாங்க. கழுவினவ நான். நானும் வர்றேன்."

"அது பைத்தியம் புடிச்சவங்களுக்கான கிளாஸ்னு பேசிக்கிறாங்க. நாங்களே பேருக்குத்தான் போறோம். நீ வேற ஏன்?"

"நீங்க சுகருக்கு மாத்திரை போடுறீங்களே மச்சான், அது ஈமான் குறைவா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். சாயங்காலம் கணவர் போன் செய்து, "நான் அண்ணன்கிட்ட பேசவா?" என்றார். "நானே பேசிட்டேங்க," என்றேன்.

பயிற்சி நடத்தியவர் கலைவாணி என்ற மனநல நர்ஸ். எங்களை வட்டமாக உட்கார வைத்தார். நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. "சொல்லணும்னு தோணினா சொல்லுங்க. இல்லன்னா சும்மா உக்காருங்க, போதும்," என்றார்.

முதலில் பேசியவர் நாகமுத்து என்ற மீனவர். தன் ஃபைபர் போட்டைத் தெருவுக்குள் ஓட்டி வந்து பல குடும்பங்களைக் காப்பாற்றியவர். "இப்ப எஞ்சின் சத்தம் கேட்டாலே கை நடுங்குதுங்க. குடிச்சுக் குடிச்சு நடுங்குதுன்னு ஊர்ல சொல்றாங்க. நான் குடிக்கிறதே இல்லீங்க," என்றார். அவ்வளவு பெரிய ஆள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது. குழாயை, முடியை, தொழுகை நின்றதை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, கதவோரம் உட்கார்ந்திருந்த அன்வர் மச்சான்கூட.

கலைவாணி சொன்னார்: "உங்க மேல தப்பு இல்ல. பாக்கக் கூடாததைப் பாத்துட்டீங்க. உங்க உடம்பு இன்னும் அந்த இடத்துலயே நிக்குது. அதை மெதுவா இங்க கூட்டிட்டு வரணும்."

கூட்டிவரும் வழிகளையும் கற்றுத் தந்தார். பாதத்தைத் தரையில் அழுத்துவது. கண்ணுக்குத் தெரிவதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது. மூச்சை நிதானமாக வெளியே விடுவது. துயரத்தில் இருப்பவரிடம் 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லி வாயை அடைக்காமல் பக்கத்தில் இருப்பது. பயிற்சி முடிந்த பிறகும் அரசு மருத்துவமனைக்கு வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். போனேன். பஸ் ஏறிப் பகலில், எல்லாரும் பார்க்கப் போனேன்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் போய் நடந்ததைச் சொன்னேன். "இது நோய்தாம்மா. தண்ணி தொட முடியாதவங்களுக்குத் தயம்மும் இருக்கு. மண்ணைத் தொட்டுத் தொழுவுங்க. வைத்தியத்தையும் விடாதீங்க," என்றார். இதை முதலிலேயே கேட்காமல் ஊர்ப்பேச்சுக்குக் காது கொடுத்தோமே என்று இருந்தது. அன்றைக்கே தொழுதேன்.

தண்ணீர் மெதுவாகத்தான் திரும்பி வந்தது. ஒருநாள் விரல்நுனி. இன்னொரு நாள் உள்ளங்கை. சில நாள் மறுபடி ஓடியும் வந்திருக்கிறேன். கோடை முடிகிற சமயம், ஒரு நாள் அந்தி நேர மஃரிபுக்கு முழு ஒளுவும் செய்து முடித்தேன். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. நெற்றி தரையில் பதிந்த ஸஜ்தாவிலிருந்து எழ மனமே வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தான். அதையும் சொல்லவேண்டும். அடுத்த மழைக்காலத்தில் எச்சரிக்கை வந்ததும் தாழ்வான தெருக்காரர்களை டிராக்டரில் ஏற்றிப் பாதுகாப்புக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். டிராக்டரிலிருந்து யாரோ ஒரு நனைந்த குழந்தையை அன்வர் மச்சானின் கையில் கொடுத்தார்கள். அவர் அப்படியே நின்றுவிட்டார். கூப்பிட்டால் காதில் விழவில்லை. குழந்தையை வாங்கி அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, அவரைச் சுவர் ஓரமாக உட்கார வைத்தேன்.

"மச்சான், நான் ஜுலைகா. பக்கத்துலதான் இருக்கேன். காலைத் தரையில அழுத்துங்க. எதிர்ல என்ன தெரியுது, சொல்லுங்க."

"சாக்கு... பக்கெட்டு... ஜன்னல்," என்றார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. பிறகு தலை நிமிராமல் சொன்னார்: "ரஹ்மத் பொண்ணைத் தூக்கினேன் இல்ல... கனமே இல்ல ஜுலைகா. கனமே இல்ல."

நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தேன். எழும்போது, "அந்த நர்ஸம்மா என்னைக்கு வருவாங்க?" என்று கேட்டார். இப்போது அவரும் போய் வருகிறார். என்னைப் பற்றியும் எழுது என்று அவர்தான் சொன்னார்.

மறுபடி மய்யித்துக் குளிப்பாட்டப் போகிறேன். தனியாகப் போவதில்லை. முடிந்ததும் கூட வந்த பெண்களோடு உட்கார்ந்து டீ குடித்து, மனதில் இருப்பதைப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம்.

சகோதர சகோதரிகளே, உங்களிலும் யாராவது இப்படித் தவித்துக்கொண்டிருக்கலாம். ஈமான் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துஆ கேளுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவன் தாங்குவான். அவன் ஒரு வழி திறந்தால் எழுந்து போங்கள். இந்த மழைக்கு முன்னால் அதே கூடத்தில் மறுபடி பயிற்சி நடக்கிறது, இன்ஷா அல்லாஹ். எங்கள் ஜமாஅத்திலிருந்து இந்தமுறை பெண்கள்தான் அதிகம் போகிறோம். வாருங்கள். இது உனக்கு எதற்கு என்று யாராவது வழியில் கேட்டால், என்னிடம் வந்து கேட்கச் சொல்லுங்கள்.