கலப்படமில்லாத எண்ணெய்

எங்கள் வீட்டு வெள்ளை நாய்க்குக் காதில் புண் வந்தது. ராஜபாளையம் நாய்க்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. காது அழுகிவிட்டால் அந்த மரியாதை போய்விடும்.

மருமகள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். மழை காணாத கரட்டு மேட்டில் முளைத்த காட்டுத்துளசியை ஆவியில் வடித்து, குப்பியில் எண்ணெய் கொண்டுவந்தாள். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்த்து அதில் ஒரு சொட்டு விட்டார்களாம். சொட்டைச் சுற்றிக் கிருமியே இல்லையாம்.

"தேங்காயெண்ணெயில கொஞ்சமா கலந்து போடுங்க அத்தை," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

நான் கலக்கவில்லை. எங்கள் வீட்டில் பாலில்கூடத் தண்ணீர் கலந்து பழக்கமில்லை. முதலில் என் கையில் தடவினேன், எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அப்படியே நாயின் காதில் விட்டேன். அது ஒரே தாவில் மதிலைத் தாண்டிப் போய், பசித்த பொறவுதான் திரும்பியது.

மாலையில் மருமகள் என் கைச் சிவப்பைப் பார்த்தாள்.

"கிருமியோட தோலைக் கரைக்கிற எண்ணெய் அத்தை. இது உங்க தோலுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நல்ல எண்ணெய்னா தெரியணும்லா," என்றேன்.

மாட்டு டாக்டரைக் கேட்டு, அவளே கலந்து தடவினாள். நாய் காதைக் காட்டிக்கொண்டு நின்றது. புண் ஆறிவிட்டது.

கலப்படத்துக்குப் பழகிய நாய். இருந்தாலும் சோறு போடுகிறேன்.