தங்கம் ஒட்டாத மூன்று நாள்

உடும்பஞ்சோலையில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. அந்தக் காலத்து ஐரோப்பிய மடங்களில் வேதப் புத்தகங்களை அலங்கரித்த முறையில், ஆட்டுத்தோலில் எழுதி, எழுத்துகளுக்குத் தங்கம் ஏற்றித் தருவோம். எழுத்தும் வர்ணமும் என் வேலை. தங்கம் ஏற்றுவது என் வீட்டுக்காரர் ஞானராஜ். தேயிலை ஃபேக்டரி சலிப்பறையில் இருபது வருஷம் தூசிக்குள் நின்றுவிட்டு இதற்கு வந்தவர்.

தங்கம் ஏற்றுவது இப்படி. பிளாஸ்டர், மீன் பசை, சீனி கலந்த ஜெசோ என்ற பூச்சை எழுத்தின் மேல் மேடாகப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு காகிதக் குழல் வழியாக அடிநெஞ்சிலிருந்து மூச்சை ஊத வேண்டும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ஜெசோ லேசாக இளகும். உடனே தங்கத் தாளை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அவருக்கு நாலு மூச்சு போதும்.

எங்கள் கோயிலின் பங்குத் திருநாளுக்கான நற்செய்திப் பக்கத்தில் அது நடக்கவில்லை. தங்கம் உரிந்து உரிந்து வந்தது.

"ஏட்டி, சீனி பத்தல."

"நான் போட்ட சீனிக்கு என்ன கொறை? ஒழுங்கா ஊதுங்க."

என் வாய் சும்மா இருக்காது. மூன்று நாளும் திட்டித் தீர்த்தேன். இரண்டு முறை புதிதாகக் கலந்தும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை பொறுமை போய், குழலைப் பிடுங்கி அதே எழுத்தின் மறுமுனையில் நானே ஊதினேன். ஐந்து மூச்சு. தங்கம் கல்லு மாதிரி பிடித்தது.

அப்படியானால் ஜெசோவில் குறை இல்லை. குழலை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னொரு வாட்டி ஊதுங்க, நான் பாக்கணும்."

ஊதினார். பாதியிலேயே மூச்சு நின்று, மேஜையைப் பிடித்துக்கொண்டார். வலப்பக்க நெஞ்சு அசையவே இல்லை. ஒரு வாரமாக அவர் உட்கார்ந்தபடியே தூங்கினார். வயிற்றில் கேஸ் என்று சொன்னார், நானும் நம்பியிருந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய நிறுத்திருவ. திருநாள் வருதுல்லா."

ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும் வழியெல்லாம் அவர் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்று தாமதமானாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எத்ர திவசமாயி சேச்சி?" என்று என்னைத்தான் கேட்டார். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிழைத்துவிட்டார். இனி ஊதக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குழல் இப்போது என்னிடம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. தங்கம் ஒட்டாவிட்டால் பசையைச் சந்தேகப்படுங்கள், சீனியைச் சந்தேகப்படுங்கள். அதற்கு முன்னால் ஊதியவரின் முகத்தைப் பாருங்கள். மூன்று நாள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, நான் எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.