மூணாம் வீட்டில் தம்மு இல்லை

வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, ஜீப்பின் முகத்தில் ஹேண்டிலைச் செருகிக் கண்ணை மூடிக்கொள்கிறார் தவசி. இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஹேண்டிலை உருவிக் கீழே போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். வண்டிக்காரர்தான் பின்னாலேயே போய்க் கெஞ்சிக் கூட்டிவர வேண்டும். மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறார். ஓரிடத்தில் ஹேண்டில் கையை எதிர்த்து நின்று, பிறகு வழிவிடுகிறது. அந்த எதிர்ப்பை மற்ற மெக்கானிக்குகள் கம்ப்ரஷன் என்பார்கள். தவசிக்கு அது ‘தம்மு’. சிலிண்டர் ஒவ்வொன்றும் ஒரு ‘வீடு’. “நாலு வீட்லயும் தம்மு நிக்கிதுப்பா, வண்டிய எடு” என்று அவர் சொல்லிவிட்டால் போதும், அந்த ஜீப் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் முக்காமல் முனகாமல் ஏறும்.

போடிநாயக்கனூரில் அவர் பட்டறைக்கு எதிர்ச் சாரியில் நான் சாக்குக்கடை வைத்திருக்கிறேன். ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கு விற்கிற நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் தவசியைப் பார்ப்பதுதான் என் பொழுது. ஆகவே அவரைப் பற்றி எழுத என்னைவிட உரிமை உள்ளவன் ஊரில் இல்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் ஸ்கூட்டரை மட்டும் அவர் தொட்டதே கிடையாது. “தையல் மிசினுக்கெல்லாம் நாஞ் சோலி பாக்குறதில்லண்ணே” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கர்வமா என்றால் கர்வம்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முந்தல் பக்கம் போனால் ஆளைப் பார்க்கலாம். மலையடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மேலே ஏறும் ஜீப்புகளின் சத்தத்தைக் கேட்டபடி, “இது நம்ம கட்டுனது. இது வேற எவனோ கட்டுனது, பாவம்” என்று பிரித்துக்கொண்டிருப்பார். அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, மற்ற பட்டறைக்காரர்களுக்கு அடிவயிறு பற்றி எரியும். எனக்கோ அதைக் கேட்கக் கேட்கக் குளிரும். நம்ம தெருக்காரர் அல்லவா!

எஞ்சினைக் கட்டி முடித்து ஒப்படைக்கிற நாளில் மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பார். கொடுக்கும்போது ஒரே பேச்சுத்தான்: “நாங் கட்டுன எஞ்சினு இந்த வாசலுக்குத் திரும்பி வந்ததில்ல.”

போன வருஷம் ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்தபோது ஒன்று திரும்பி வந்தது. கன்னையனின் ஜீப். கன்னையன் ராசிங்காபுரத்துக்காரர். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். விடிகாலையில் வீடு வீடாகப் போய்ப் பெண்களை எழுப்பிக் கூட்டி வருவது அவர் மனைவி வீரலட்சுமி. உறவு இல்லாவிட்டாலும் தவசிக்குக் கன்னையன் மாப்ளே, வீரலட்சுமி தங்கச்சி. அந்த ஜீப்புக்குத்தான் சிலிண்டர் ரீபோர் போட்டு, புதுப் பிஸ்டன், புது ரிங் மாட்டி, வால்வையெல்லாம் அரைத்து உட்காரவைத்து, வெள்ளைச் சட்டையோடு சாவி கொடுத்திருந்தார். மறுநாளே முதல் வளைவு தாண்டியதும் இழுவை இல்லாமல் நின்றுவிட்டது. ஆட்களை இறக்கிவிட்டு, உருட்டிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தார் கன்னையன். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது.

“என்ன மச்சான், பெருசாப் பேசினீக? புது எஞ்சினு கெழவன் கணக்கா இழுக்குது. காய் பழுத்து நிக்கிது, நாளைக்கு ஆளக் கொண்டுபோய் எறக்கலைன்னா எஸ்டேட்டுக்காரன் வேற ஜீப்ப வச்சிருவான். பொழுது சாயுறதுக்குள்ள சரியாகலையா, கயித்தக் கட்டி மதுரைக்கு இழுத்துட்டுப் போயிருவேன்!”

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், “புது ரிங்குப்பா, ஓட ஓடப் படிஞ்சுரும்” என்று தவசிக்குத் தப்பிக்க வழி காட்டினார். நானாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். தவசி அவரை முறைத்தார். “படியுறது படியட்டும். நாங் கட்டுனா மொத நாளே தம்மு நிக்கணும்.”

பிளக்குகளைக் கழற்றினார். ஹேண்டிலைக் கன்னையன் சுற்ற, ஒவ்வொரு ஓட்டையிலும் தவசி கட்டைவிரலை வைத்து அழுத்தினார். முதல் இரண்டிலும் காற்று விரலைத் தூக்கி எறிந்தது. மூன்றாவதில் விரல் அப்படியே இருந்தது. நான்காவதில் மறுபடி எறிந்தது. “மூணாம் வீட்ல தம்மு இல்ல” என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

“ரிங்கத் தப்பா மாட்டிட்டீக” என்றார் கன்னையன். தவசி ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை அந்த ஓட்டையில் ஊற்றி மறுபடி சுற்றச் சொன்னார். ரிங்கில் கோளாறு என்றால் ஆயில் இடுக்கை அடைத்துக்கொள்ளும், தம்மு ஏறும். ஏறவில்லை. அடுத்து, பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்துவந்து ஓட்டைக்குள் பிடித்தார். என்னை சைலன்சர் வாயில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். உஸ்ஸென்று என் கையில் காற்று மோதியது. அப்படியென்றால் புகை போகிற வால்வு சரியாக மூடவில்லை. அது அவர் தன் கையால் அரைத்த வால்வு. விளக்கைப் பிடித்து, அரைத்த தடம் வெள்ளி வளையம் மாதிரி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து அரைத்தது. நானே சாட்சி. கன்னையன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தெருப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

தவசி எஞ்சினின் மேல்மூடியைத் தூக்கி, வால்வை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் சாய்ந்த விளிம்பில், வெந்து கறுத்த ஒரு பொட்டு. விரல் நகத்தால் சுரண்டினார். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக வந்தது. முகர்ந்து பார்த்தார். சந்தனமும் குங்குமமும்.

எங்கள் பக்கம் எஞ்சினை மூடுவதற்குமுன் வண்டிக்காரர் வீட்டிலிருந்து வந்து சூடம் காட்டிக் கும்பிட்டுப் போவார்கள். பிளாக்கின், அதாவது எஞ்சின் உடம்பின், வெளிப்புறம் ஒரு பொட்டு வைப்பதோடு சரி. எஞ்சினைக் கட்டிய நாளில் தவசி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்த வீரலட்சுமி, என் கடைச் சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பித் துணி போட்டு மூடியிருந்த சாமான்களைப் பார்த்திருக்கிறாள். பிழைப்பே அந்த வண்டி. ஒரு குறையும் வரக் கூடாதென்று, துணியை விலக்கி வால்வுகளுக்கும் பொட்டு வைத்துவிட்டு மறுபடி மூடிவைத்திருக்கிறாள். மற்றதில் எல்லாம் தலையில், இதில் மட்டும் மூடி உட்காருகிற விளிம்பில். அரைத்து முடித்துத் துணி போட்டுவிட்டால் அந்த வால்வைத் தவசி மறுபடி பார்ப்பதில்லை. பார்த்தால் தன் வேலையைத் தானே சந்தேகப்பட்ட மாதிரியாம்!

புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த வீரலட்சுமி தூக்குச் சட்டியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தவசியின் நகத்தில் இருந்த மஞ்சளைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. முகம் செத்துப்போயிற்று. கன்னையனின் வாய் எப்படிப்பட்டதென்று ஊரறியும். நான் மனசுக்குள் கத்தினேன்: சொல்லுமய்யா, உம்ம கை சுத்தம் என்று தெருக் கேட்கச் சொல்லும்!

“என்ன மச்சான் கோளாறு?” என்று எழுந்து வந்தார் கன்னையன்.

தவசி நகத்தை வேட்டியில் துடைத்தார். “எந் தப்பு மாப்ளே. மாட்டுறவன் பாத்து மாட்டணும். அழுக்கோட மாட்டிட்டேன்.” முணுமுணுக்கவில்லை. தெருக் கேட்கத்தான் சொன்னார், ஆனால் நான் நினைத்ததை அல்ல. அப்புறம் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

கன்னையன் சும்மா விடுவாரா? தவசி கட்டிய எஞ்சினும் திரும்பி வந்த கதையைத் தேவாரம் ஊர் வரைக்கும் சொல்லி முடித்தார். ஜீப் மறுநாள் ஏறியதா என்று கேட்பீர்கள். ஏறியது, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு. இன்றும் ஏறுகிறது. என் கடை வழியாகத்தான் போகிறது, பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வால்வை மறுபடி அரைத்து, துடைத்து, இம்முறை பார்த்து மாட்டினார் தவசி. மூடியை வைக்கவேண்டியதுதான் பாக்கி. வீரலட்சுமி கிட்டே வராமல் பட்டறை வாசல் புளியமரத்தடியிலேயே நின்றாள்.

“என்ன தங்கச்சி அங்கிட்டே நிக்கிற? கும்பிடாம மூடலாமா? வெரசா சந்தனத்தக் கொண்டா.”

அவள் கிண்ணத்தோடு வந்தாள். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் எஞ்சினுக்கு மேலே கையை நீட்டியபடி நின்றாள். தவசி தன் வலது கையை வேஸ்ட் துணியில் அழுத்தித் துடைத்து, அவள் விரலுக்குக் கீழே கொண்டுபோய் விரித்தார்.