அரியநாயகத்துக்கு வந்த தண்ணீர்த் தாங்கி

செத்தவருக்குத் தாகம் எடுக்குமா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். புங்குடுதீவு அரியநாயகம் இறந்து பத்தொன்பது வருடங்கள். போன ஆவணியில், அவர் வீட்டு முற்றத்தில் மழைநீர் சேமிக்கும் பெரிய கறுப்புத் தாங்கி ஒன்றை இறக்கிவிட்டுப் போனார்கள். அதில் ஒட்டியிருந்த தாளில், பயனாளி என்ற இடத்தில் அவருடைய பெயர்.

முதலில் அதைக் கண்டவள் சிவக்கொழுந்து. வெள்ளிக்கிழமைகளில் பொழுதுபட, வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகளில் விளக்கு வைப்பவள். விளக்கெரியாத வீட்டில் வேறேதாவது குடிவந்துவிடும் என்று சொந்தக்காரருக்குப் பயம். அவளுக்குப் பேய்ப் பயம் இல்லை. கிணற்றைப் பார்த்தால்தான் பயம். கடல் ஏறித் தண்ணீர் உவர்த்துவிட்டது. இரண்டு போகமும் நெல் பதராய்ப் போனது. தாங்கியும் உவரைத் தாங்கும் விதைநெல்லும் கொடுக்கும் அரச உதவியை நம்பித்தான் மூன்றாம் முறை உழுதிருந்தாள்.

தாங்கியைத் தட்டினாள். உள்ளிருந்து யாரோ உறுமியதுபோல் முழங்கியது. திறந்த கதவு வழியே, மாலை போட்ட படத்திலிருந்து அரியநாயகம் அவளையே பார்த்தார்.

திங்கட்கிழமை அரசாங்கக் கந்தோரில் உத்தியோகத்தர் றஜீபன் பயனாளிப் பட்டியலைப் புரட்டினான்.

"அக்கா, உங்கடை வீட்டிலை ஆளில்லை எண்டு கிடக்கு."

"அப்ப இப்ப உம்மோடை கதைக்கிறது ஆர், பேயோ?"

"அரியநாயகம் வீட்டிலை ஒரு பொம்பிளை இருக்கிறா எண்டு பதிஞ்சிருக்கு. அது நீங்கள்தானே? ஒராளை ரெண்டு வீட்டிலை பதிய ஏலாது."

அவளுக்கு வைகாசி மாதத்து அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. உதவிக்கு ஆள் பதிய வந்து, வேலிப் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஒருவன், "இது ஆற்றை வீடு?" என்று கத்தினான். அந்த ஊரில் இதற்கு ஒரே பதில்தான். கட்டியவர் கனடா போனாலும் சுடலைக்குப் போனாலும் வீடு அவருடையதே. "அரியநாயகத்தாற்றை" என்றாள், கையில் விளக்கோடு. நாய் குரைத்ததால் அவன் உள்ளே வரவில்லை, அடையாள அட்டையும் கேட்கவில்லை. அடுத்து, பக்கத்தில் இருண்டு கிடந்த அவளுடைய வீட்டைப் பார்த்தான். எழுதினான். போனான்.

"அங்கை ஒருத்தரும் இல்லை எண்டு சொந்தக்காரர் கடிதம் தந்தால் மாத்தலாம். புரட்டாதி முடியமுதல் வேணும்" என்றான் றஜீபன்.

அரியநாயகத்தின் மகன் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் சிரித்தான்.

"ஆளில்லை எண்டு எழுதித் தந்தால் நாளைக்கு ஆரும் வளவைப் பிடிச்சுப்போடுவாங்கள், அக்கா. அப்பா இருந்திட்டுப் போகட்டும்."

"கொப்பர் வந்து என்ரை வயலை விதைப்பாரோ, தம்பி?"

தொடர்பு அறுந்தது.

உவருக்கு எதிராக அரசு நீட்டும் கை, உயிருள்ளவளைத் தாண்டிச் செத்தவரின் தோளைத் தட்டுகிறது. இது விதியல்ல. படலை திறக்கச் சோம்பிய ஒருவனும், காணிக்காகத் தகப்பனைச் சாகவிடாத ஒருவனும் சேர்ந்து செய்த வேலை.

அடுத்த வெள்ளி சிவக்கொழுந்து அரியநாயகம் வீட்டுப் பக்கம் போகவில்லை. தன் வீட்டு வாசலில் விளக்கை ஏற்றிவிட்டு, வருகிறவர் எவரும் பார்க்கட்டும் என்று வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். வெறுந்தாங்கிக்குள் உப்புக்காற்று புகுந்து ஊளையிடுவது அங்கேயும் கேட்டது. மழைக்கு மூன்று வாரம். கடிதம் இன்னும் வரவில்லை.

தீவுப்பகுதியில் உங்களுக்கும் பூட்டிய வீடு உண்டா? இன்றைக்கே கந்தோருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: "என் வீட்டில் எவரும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள்."